வழக்கமான இடம் எது, பாய்?

அன்புள்ள பாய்,

ஜமுனாமரத்தூரில் எங்கள் மகளிர் குழு அலுவலகத்தின் பழைய கோப்பு ஒன்றை இன்று காலை திறந்தேன். குப்பென்று தோல் வாசனை. வாணியம்பாடியில் உங்கள் தானியக் கடையை ஒட்டியே உங்கள் அண்ணனின் தோல் கிடங்கு. நீங்கள் அனுப்பும் கடிதமெல்லாம் அந்த வாசனையோடுதான் மலையேறி வரும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உங்களுக்கு நான் எழுதிய முதல் கடிதம் மூன்று பக்கம். குழுவுக்குச் செயலாளர் ஆன புதிது. மலையின் அழகு, பெண்களின் உழைப்பு, சாமையின் சத்து எல்லாம் எழுதியிருந்தேன். சாமை மூட்டைகளை நீங்கள் எங்கே வந்து எடுப்பது என்பது மட்டும் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: 'வழக்கமான இடத்தில்.'

எங்களுக்கு வழக்கமான இடம் கண்ணமங்கலம் கடைத்தெரு. உங்கள் வண்டியோ, மலைச் சரக்கை நீங்கள் எப்போதும் எடுக்கும் போளூர் பேருந்து நிலையத்தில் காத்துக் கிடந்தது. மூட்டைகளோடு நாங்கள் ஐந்து பெண்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "இந்த வியாபாரமே வேணாம், வூட்டுக்குப் போலாம் வா" என்று மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். எங்கள் முதல் விற்பனை அதோடு முடிந்தது என்றே நினைத்தேன். அப்போதுதான் உங்கள் ஃபோன்.

"இன்னாக்கா, வழக்கமான இடம்னா எது? நாம ஒரு தடவகூட பாத்ததில்லையே!"

என்னைவிட இரண்டு வயது மூத்தவர் நீங்கள். ஆனாலும் கடைசிவரை உங்களுக்கு நான் அக்காதான்.

தூறலில் வண்டியோடு நீங்களே வந்து இறங்கினீர்கள். திட்டவில்லை. மூட்டைமேல் என் கடிதத்தை விரித்து, "இன்னா இருக்கு, எவ்ளோ இருக்கு, எங்க வரணும், என்னிக்கி வரணும். இந்த நாலும் மேல வந்துடணும்க்கா. மலை அழகா இருக்கும்னு எனக்கும் தெரியும்" என்றீர்கள். ஐந்து பேரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

பிறகு பல மாதம் என் கடிதங்கள் கோடு போட்டுத் திரும்பி வந்தன. 'விரைவில்' என்றால் பக்கத்தில் 'என்னைக்கு?' 'போதுமான அளவு' என்றால் 'எத்தனை மூட்டை?' சில நாள் கோபத்தில் கிழித்துப் போட்டேன். மறுபடி எழுதினேன்.

ஒரு நாள் நீங்களே அவசரத்தில் 'வழக்கம்போல் அனுப்பவும்' என்று எழுதிவிட்டீர்கள். விடுவேனா? சிவப்பில் கோடு போட்டு, 'எத்தனை மூட்டை பாய்?' என்று திருப்பி அனுப்பினேன். "எனக்கே திருப்பிட்டீங்களா!" என்று ஃபோனில் நீங்கள் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது அடைத்தது.

சாமை உமி நீக்கும் இயந்திரம் கேட்டு அரசுக்கு விண்ணப்பித்தேன். ஒரே பக்கம். அதைப் படித்த அதிகாரி, "நான் திருப்பிக் கேக்குறதுக்கு ஒண்ணும் இல்லையேம்மா" என்று கையெழுத்திட்டார். உங்களிடம் சொல்லத் துள்ளிக்கொண்டு ஃபோன் செய்தேன். உங்கள் மகள் எடுத்தாள். நீங்கள் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. அழுகைக்கு நடுவே அவள் சொன்னாள்: வீட்டுக்கு யார் வந்தாலும் போளூரில் வண்டி நின்ற கதையைச் சொல்லாமல் அனுப்பமாட்டீர்களாம்.

இப்போதும் எந்தக் கடிதமானாலும், கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடம் மனதால் மலையை விட்டு இறங்கிவிடுகிறேன். அதைப் பிரிக்கப்போகிறவரின் நாற்காலியில் உட்கார்ந்து, என்னை அறியாதவளாக ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வருகிறேன்.