பதினொரு தேயிலைப் பாவாடைகள்

ஏட்டி, இன்று காலை அடுப்பில் தேயிலையைப் போட்டுவிட்டு மறந்துபோனேன். தண்ணீர் வற்றி, தூள் பாத்திரத்தில் பிடித்து, வீடெல்லாம் கசந்த வாசனை. மருமகள் ஓடிவந்து, "எந்தோ கரியுது அத்தே, நீங்க இங்கதானே நிக்கிறீங்க?" என்றாள். நின்றது நான்தான். மனசு பொன்முடித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், தண்ணீர்ப் பைப்படியில், உன் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. நீ கண்மூடி இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் உன்னிடம் சொல்ல எவ்வளவோ சேர்ந்துவிட்டது.

எழுபதுகளின் நடுவில், நாம் எட்டாம் வகுப்புப் படித்த வருஷம். மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பாவாடை. யார் தலையில் உதித்த யோசனையோ, அந்த மனுஷன் ஒருநாளும் பாவாடை துவைத்திருக்க மாட்டான். ஒரு வியாழக்கிழமை, கணக்குக்கு விடை சொல்ல எழுந்தேன். பாவாடையின் பின்னால் கறை. பின்பெஞ்சில் சிரிப்பு. சார் என்னைப் பார்த்தார், சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ வீட்டில போய்க்கோ," என்றார். மேலே போகும் பஸ் சாயங்காலம்தான். கல்லாறு பஸ் நிறுத்தத்தில் புத்தகப் பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றேன். கொஞ்ச நேரத்தில், யாரிடமும் கேட்காமல் நீயும் வந்துவிட்டாய். நான் அழுதேன். ஆறுதல் சொல்லவா உனக்குத் தெரியும்? "சிரிச்சவன் வாயில மண்ணு விழ! நீ எதுக்குட்டி அழுற?" என்று என்னையே அதட்டினாய்.

இனிப் போகமாட்டேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மா பாவாடையை வாங்கி ஊறப்போட்டாள். அப்பாவிடம் ஏதோ முணுமுணுத்தாள். "சரி, திங்கக்கெழம கங்காணிட்ட பேரக் குடுத்திருவோம். கொழுந்து எடுக்கட்டும்," என்றார் அப்பா. அவ்வளவுதான். எனக்கு முன்னால் நம் லயத்தில் மூன்று பெண்கள் அப்படித்தான் படிப்பை நிறுத்தினார்கள். இன்னும் நாலே நாளில் என் படிப்பும் முடியப்போகிறது என்று புரிந்தபோது வயிற்றுவலிகூட மறந்துபோயிற்று.

நீ மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, லயத்துப் பெண்கள் எல்லோரும் துணியோடு பைப்படியில் கூடியிருக்கிற நேரம் பார்த்து வந்து நின்றாய். "எம்மா, உங்க பிள்ளைகளுக்கு மாசாமாசம் நாலு நாள் காய்ச்சலுன்னு லீவு லெட்டர் எழுதுறீங்களே, அது என்ன காய்ச்சல்? ஒருத்தியாவது உள்ளதச் சொல்லுங்க!"

"எளவெடுத்தவளே, ஆம்பிளையாளுக இருக்காவ, வாயப் பொத்து!" என்று உன் அம்மா ஈரத்துணியை ஓங்கினாள். என் அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அதிர்ந்து பேசத் தெரியாத என் அம்மா! "அவ சொல்லுறதுல என்ன தப்பு மைனி? மலையில நமக்குத் தீட்டு ஆனா யாருக்குத் தெரியுது? இடுப்புல கறுத்த சாக்குத்துணி சுத்தியிருக்கோம். பிள்ளைகளுக்கு மட்டும் வெள்ளை எதுக்கு?" என்றாள்.

புதுப்பாவாடை வாங்க எந்த வீட்டில் வழி இருந்தது? கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கஞ்சி காய்ச்சுகிற இரும்பு அண்டாவை உருட்டி வந்தார்கள். ஃபேக்டரியில் கூட்டித் தள்ளும் கழிவுத் தூளை ஒரு சாக்கு நிறையத் தோளில் தூக்கி வந்தது யார் தெரியுமா? என் அப்பா. துருப்பிடித்த ஆணி போட்டால் நன்றாகக் கறுக்கும் என்று ஒருத்தி சொல்ல, அதையும் போட்டார்கள். லயத்துப் பள்ளிப் பிள்ளைகளின் பதினொரு வெள்ளைப் பாவாடைகள் உள்ளே போயின. சாயங்காலம் வெளியே எடுத்தபோது கறுப்பும் இல்லாமல், மண்நிறமும் இல்லாமல், அசல் தேயிலைக் கறை. நாம் கைதட்டினோம். சாயத்துணியை நன்றாக அலசி எடுக்க வேண்டும் என்று மட்டும் ஒருத்திக்கும் தோன்றவில்லை. தேயிலையைக் கிள்ளவும் குடிக்கவும் தெரியும், துணிக்குப் போட யாருக்குத் தெரியும்?

திங்கட்கிழமை பஸ்ஸைவிட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. பள்ளி வாசலுக்குப் போவதற்குள் பதினொரு பேர் காலிலும் கறுப்புக் கறுப்பாகச் சாயம் வடிந்தது. மலையாளி ஹெட்மாஸ்டர் வராந்தாவிலேயே மறித்தார்.

"எந்தா இது வேஷம்? யூனிஃபாம் எவிடே?"

நாங்கள் பத்துப் பேரும் உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தோம். நீ அசையவில்லை. "வெள்ளை உடுத்தா மாசம் நாலு நாள் நாங்க வரமாட்டோம் சாரே. இது உடுத்தா எல்லா நாளும் வருவோம். எது வேணும்னு சார் தீருமானிச்சுக்கோங்க."

மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. தடுமாறிக்கொண்டு, "அப்போ... நினக்கும்...?" என்று கேட்டார்.

"எனக்கு இன்னும் வரல்ல சாரே. வரும்போ ஸ்கூலை விட்டுப் போக எனக்கு மனசில்ல."

அதுதான் உண்மை. பதினொரு பேரில் வயசுக்கு வராதவள் நீ ஒருத்திதான். தையல் டீச்சர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஹெட்மாஸ்டர் நம் கால்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். "போ, எல்லாரும் க்ளாஸில போ. கால் கழுவிட்டுப் போ," என்றார். அன்றைக்கு எனக்கு வந்த கர்வம், பின்னால் வேலைக்கு உத்தரவு கையில் வாங்கியபோதுகூட வரவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா அம்மாவிடம், "கங்காணி கேட்டாரு. பிள்ள படிக்குதுன்னு சொல்லிட்டேன்," என்றார். அடுத்த ஜூனில் பள்ளிக்கே கருநீலப் பாவாடை வந்தது. லயத்துப் பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவந்து, பள்ளிக்குப் பின்னால் மூங்கில் தட்டியில் மறைப்புக் கட்டி, உள்ளே தாழ்ப்பாள் வைத்துக் கொடுத்தார்கள். பழைய நூல் சேலைகளைத் துவைத்து, ஒளிக்காமல் வெயிலில் காயவைத்து, மடித்துத் தையல் டீச்சர் அலமாரியில் அடுக்கினார்கள். நீயும் மறுவருஷம் பெரியமனுஷி ஆனாய். சடங்கு முடிந்த மறுநாளே பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாய்.

நான் கணக்கு டீச்சர் ஆனேன். நீ தோட்டத்துப் பிள்ளைக் காப்பக வேலையிலேயே இருந்துவிட்டாய். நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில், பெண்பிள்ளைகளின் கக்கூஸுக்குக் கதவு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். பதினாலு ஆண்களுக்கு நடுவில் நான் எழுந்து, எதற்காகக் கதவு வேண்டும் என்பதைப் பச்சையாகவே சொன்னேன். அந்த மாதமே கதவு வந்தது. லீவுக்கு வந்து உன்னிடம் பெருமையடித்தபோது நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்.

"கை நடுங்குச்சாட்டி?"

"நடுங்கிச்சு."

"எனக்கும் அன்னிக்கு நடுங்கிச்சு. அதான் பாவாடையப் பிடிச்சிக்கிட்டு நின்னேன்."

உன் சாவு வீட்டில் எல்லோரும், பயமே அறியாதவள் என்று உன்னைப் பற்றிச் சொன்னார்கள். உனக்கும் கை நடுங்கியது நமக்குள் இருக்கட்டும். எனக்கு இன்றும் கூட்டத்தில் எழுந்தால் கை நடுங்குகிறது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டுப் பேசிவிடுகிறேன்.