சோதனை என்று வந்த அலறல்

மாமாவுக்கு,

சாப்பிட்டீர்களா என்று கேட்டால் பதில் வராது. அதனால் செய்தி சொல்கிறேன். காசு கட்டி ஆடும் போன் விளையாட்டுகளுக்குத் தடை போட்டுவிட்டார்கள். வேறு பேரில் வரும் என்பீர்கள். ஏலக்காய் விலை ஏறியிருக்கிறது. பொட்டிபுரத்து நியூட்ரினோ ஆய்வகத்துக்காக டீக்கடையில் மறுபடியும் சண்டை. "எல்லாத்துக்கும் கருத்துச் சொல்ற மாப்ளைய எங்க காணோம், தங்கச்சி?" என்று சுருளி அண்ணன் கேட்டார். திருப்பூரில் என்றேன். அங்கே மில்லில் நீங்கள் வாயே திறப்பதில்லையாம்.

நம் அனுசியா வேலைக்குப் போன மலைமேல் ஏலத்தோட்டத்தில் கேரள டவர்தான் கிடைக்கும். அன்று மழையில் அவள் போனுக்கு எச்சரிக்கை மலையாளத்தில் வந்தது. படிக்கத் தெரியாமல் உங்களுக்குத்தான் போன் போட்டாள். அவள் அப்பாவுக்குத் தெரியாதது ஏது?

"கவர்மெண்டுல டெஸ்டு பண்றாங்க ஆத்தா, போன மாசமும் வந்துச்சுல்ல. பேசாம வீட்டுக்குள்ள இரு."

இருந்தாள். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. மலை சரிந்து அந்தத் தோட்டத்து லயத்து வீடுகளையே மூடிவிட்டது.

நேற்று நம் தெருவில் எல்லாப் போன்களும் ஒன்றாக அலறின. தமிழில் சோதனை என்றே எழுதியிருந்தது. சிரித்துக்கொண்டே அணைத்தார்கள். நான் அவள் என்னிடம் விட்டுப்போன குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன். படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஓடினேன்.

வந்துவிடுங்கள். அடுத்த முறை அலறும்போது அது டெஸ்டா இல்லையா என்று நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். கூட ஓடி வந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பேத்தியை இடுப்பைவிட்டு இறக்காதவள்