ஏழு தகப்பன்மார்

அக்கா,

இன்று காலை மாடி அறை அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். நாளை பிரான்சிலிருந்து இரண்டு பேர் வாடகைக்குத் தங்க வருகிறார்கள். மேல்தட்டில் பழைய போர்வைகளுக்குப் பின்னால் ஒரு துணிப்பை. அவிழ்த்ததும் குப்பென்று ஒரு புளித்த வாசனை. மோர்மிளகாய் காயப்போட்ட மொட்டைமாடியில் வருமே, அதே வாசனை. "வாயில் அடக்கிக்கொள், கடித்தால் பல் போய்விடும்" என்று சொல்லி நீங்கள் கொடுப்பீர்களே, உங்கள் ஊர்க் காய்ந்த தயிர் உருண்டைகள், அவைதான். ஒன்றரை வருடமாக அங்கேயே கிடந்திருக்கின்றன. ஓர் எறும்புகூட அண்டவில்லை. மட்டாஞ்சேரி எறும்புக்கே வேண்டாமென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மார்ச்சில் நீங்கள் போய்விட்டதாக உங்கள் மகன் போனில் சொன்னபோது நான் அழவில்லை. கீழே விருந்தாளிகள் இருந்தார்கள், அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. இன்று அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து ஆசை தீர அழுதேன். உங்களிடம் ஒரு பொய் சொல்லியிருந்தேன், அக்கா. அதைப் பற்றி உங்களிடம் பேசியே ஆகவேண்டும்.

முழங்கால் வைத்தியத்துக்காக நான்கு ஜனவரி எங்கள் வீட்டில் வந்து தங்கினீர்கள். உங்கள் கசாக் ஊரான கரகண்டாவில் அப்போது பனி இடுப்பளவு நிற்கும். நீங்கள் இங்கே மாடியில் மின்விசிறியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். முப்பது வருடம் ரயிலில் பெட்டிப் பொறுப்பாளராக இருந்தவர், வானொலி கேட்டே ஆங்கிலம் கற்றவர். உங்கள் ஆங்கிலத்தையும் என் ஆங்கிலத்தையும் சேர்த்தால் ஒரு ஆள் பேசுகிற அளவுக்கு வரும். வைத்தியர் மீன் கூடாது, புளி கூடாது என்பார். பவ்யமாகத் தலையாட்டிவிட்டு நேரே முக்குச் சாயாக்கடைக்குப் போய்க் கப்பக்கிழங்கும் மீன்கறியும் ஒரு பிடி பிடிப்பீர்கள்.

"மங்கோலியா சேச்சிக்கு ஒரு ஸ்ட்ராங் சாயா!" என்று கடைக்காரச் சேட்டன் கூவியதும் மேசையைத் தட்டினீர்கள். "நான் கசாக். மங்கோலியா பக்கத்து வீடு!" அதை நான் அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

"எல்லாம் குதிரையில வந்த ஆளுகள்தானே மோளே" என்றார் அவர். அதைக் கேட்டதும், "இது மட்டும் சரி" என்று சிரித்துவிட்டீர்கள்.

பேரப்பிள்ளைகள் ரஷ்ய மொழியில்தான் சண்டை போடுகிறார்கள், கசாக் மொழியில் திட்டினால் அவர்களுக்கு உறைப்பதே இல்லை என்று குறைப்படுவீர்கள். என் பெண் மீனு மலையாளம் மடமடவென்று படிக்கிறாள், தமிழை எழுத்துக் கூட்டுகிறாள் என்று நான் என் பங்குக்குப் புலம்புவேன். "நம் இரண்டு வீட்டிலும் தாய்மொழி சமையலறையில்தான் உட்கார்ந்திருக்கிறது" என்றீர்கள். ரஷ்யர்கள் உங்கள் குடும்பப் பெயரின் வாலில் ஒட்டவைத்த 'ஓவா'வை அறுபது வயதுக்கு மேல் பாஸ்போர்ட்டிலிருந்து வெட்டியெறிந்த கதையையும் அன்றைக்குத்தான் சொன்னீர்கள்.

இரண்டாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இவர் எனக்குச் சொந்தத் தாய்மாமன் மகன் என்று பேச்சுவாக்கில் தெரிந்துகொண்டு ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டீர்கள். உங்கள் நாட்டில் ஏழு தலைமுறைக்குள் உறவென்றால் கல்யாணப் பேச்சே எடுக்கமாட்டார்களாம்.

"எங்க ஊர்ல மாமன் மகனை வேண்டாம்னு சொன்னா, அப்புறம் ஏழு தலைமுறைக்கு ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாதுன்னு சொல்லு" என்றார் இவர். நான் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்போடுதான் மீனுவிடம் திரும்பினீர்கள். உங்களைப் பெரியம்மா என்று கூப்பிடும் அவளுக்கு அப்போது ஆறு வயது. கசாக் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அப்பாவில் தொடங்கி மேலே ஏழு தகப்பன்மார் பெயர் மனப்பாடமாகத் தெரியவேண்டும் என்றீர்கள். "எங்கே, நீ சொல் பார்ப்போம்?" அவள் அப்பா பெயரைச் சொன்னாள், தாத்தா பெயரைச் சொன்னாள், பிறகு என்னைப் பார்த்தாள். "ஏழும் தெரியாத பிள்ளையை எங்கள் ஊரில் அநாதை என்று கேலி செய்வோம்" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினீர்கள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தைப் போட்டு உடைக்காத குறை. நொண்டிக்கொண்டே பின்னால் வந்தீர்கள். "பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புங்கள்" என்றேன். ஏன் என்று கேட்டபடி அசையாமல் நின்றீர்கள். இவரையும் என்னையும் தவிர இந்த ஊரில் யாருக்கும் தெரியாததை அன்று உங்களிடம் கொட்டினேன். மீனு நான் பெற்ற பிள்ளை இல்லை. கோயம்புத்தூரில் இருந்தபோது பதினோரு மாதக் குழந்தையாகத் தத்தெடுத்தோம், கையோடு மட்டாஞ்சேரிக்குத் திரும்பிவிட்டோம். இங்கே யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அவளுக்கும் சொல்லவில்லை.

நீங்கள் பெட்டி கட்டவில்லை. மறுநாள் காலை ஒரு தாளில் ஏழு பெயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிக்கொண்டு வந்தீர்கள். அடியில் உங்கள் அப்பா. முப்பதுகளின் தொடக்கத்தில், கூட்டுப்பண்ணை என்று சொல்லி ஆடு, மாடு, குதிரை எல்லாவற்றையும் சோவியத் அரசு பிடுங்கிக்கொண்டதும், மேய்ச்சலைத் தவிர வேறொன்றும் அறியாத ஜனங்கள் லட்சக்கணக்கில் பட்டினியில் செத்தார்களாம். அந்தப் பஞ்சத்தில் ரயில் பாதையோரத்து அநாதை விடுதியில் யாரோ விட்டுப்போன நாலு வயதுப் பிள்ளை உங்கள் அப்பா. சொந்தப் பெயர்கூட அவருக்குத் தெரியாது. அதே பட்டினிக்கு இரண்டு மகன்களைக் கொடுத்த ஒரு குதிரைக்காரர் அவரைக் கூட்டிப்போய் வளர்த்தார், தன் தகப்பன்மார் பெயர்களை அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"மேலே உள்ள ஆறு பெயரும் அந்தக் குதிரைக்காரர் வம்சம். ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. ஆறு பேரில் ஒருவரும் இதுவரை வந்து ஆட்சேபிக்கவில்லை" என்றீர்கள்.

"உங்கள் அப்பாவுக்கு இது தெரியுமா?"

"முதல் நாளிலிருந்து தெரியும். மறைப்பதற்கு நிறைய உழைக்கவேண்டும். அந்த மனிதருக்கு அதற்கு நேரமில்லை, குதிரைகளைப் பார்க்கவேண்டும்."

மூன்றாவது ஜனவரி, நெடும்பாசேரி விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொள்ளும் முன்பே, "சொல்லியாச்சா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். நான்காவது ஜனவரியும் அதே இடம், அதே கேள்வி. ட்ராலியைத் தள்ளிக்கொண்டே, உங்கள் முகத்தைப் பார்க்காமல், "ஆச்சு" என்றேன். பையைக் கீழே போட்டுவிட்டு, அத்தனை ஜனம் பார்க்க என் நெற்றியில் முத்தம் கொடுத்தீர்கள். கூசிப்போனேன், அக்கா. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

அந்த வருடம்தான் இவரைப் பிடித்து உலுக்கினீர்கள். ஆடி அமாவாசைக்கு ஆலுவாவில் எள்ளும் தண்ணீரும் விடும்போது மூன்று பெயர் சொன்னால் போதும், அதனால் இவருக்கு மூன்றுதான் தெரியும். போதாது என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். தென்காசியில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, அவர் பழைய நிலப் பத்திரங்களைத் தேடியெடுத்து ஏழாவது பெயரைச் சொல்வதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. இந்த அக்காவுக்கு வேறு வேலையில்லை என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலங்களில் மாடியிலிருந்து நீங்களும் மீனுவும் அந்தப் பெயர்களை ராகம் போட்டுச் சொல்வது கேட்கும். நான் மிக்சியை ஓடவிடுவேன்.

போன செவ்வாய்க்கிழமை மீனு பள்ளியிலிருந்து ஒரு பெரிய சார்ட் தாளோடு வந்தாள். குடும்ப மரம் வரையவேண்டுமாம். ஒன்பது வயதாகிவிட்டது அவளுக்கு. அந்தத் தாளைப் பார்த்ததும் இனி ஒரு நாள்கூட முடியாது என்று தோன்றிவிட்டது. இவர் மிளகுக் கிடங்கிலிருந்து வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. உட்காரச் சொல்லி, "மீனு, நீ அம்மா வயித்துல பொறக்கல" என்று தொடங்கினேன்.

"தெரியும்மா" என்றாள், பென்சில் சீவிக்கொண்டே. "பெரியம்மா சொன்னாங்க."

"என்னடி சொன்னாங்க?"

"அவங்க அப்பா மாதிரிதான் நானும்னு. அம்மாதான் உன்கிட்ட சொல்லியாச்சேன்னாங்க. நான் இல்லையேன்னேன். பாவம்மா, அவங்க முகமே வெளிறிப்போச்சு. ஸாரி ஸாரின்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

"ஏன் என்கிட்ட சொல்லல நீ?"

"அம்மா பயப்படறா, அவளே வந்து சொல்லட்டும், நாம காத்திருப்போம்னாங்க. நானும் காத்துட்டே இருந்தேன். எத்ர நாளாச்சு!"

"அழுதியா?"

"கொஞ்சம். அப்புறம் பெரியம்மா குதிரைக் கதை சொன்னாங்க."

அடப் பாவிகளா, இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகளா என்று முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கம். நான் பொய் சொன்னது தெரிந்தபிறகும் என் கையால் சாப்பிட்டீர்கள், அதே விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு விடைபெற்றீர்கள். அதற்குப் பிறகு எத்தனையோ முறை போனில் பேசினோம், அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவே இல்லை. மறந்துவிட்டீர்கள் என்று நிம்மதியாக இருந்தேனே, முட்டாள்!

முதல் நாளிலிருந்து தெரியும் என்று நீங்கள் சொன்னதைத்தான் இப்போது பிடித்துக்கொண்டிருக்கிறேன். முதல் நாளைத் தவறவிட்டுவிட்டேன். இனி அவள் எதைக் கேட்டாலும் அன்றைக்கே பதில் சொல்வதென்று வைத்திருக்கிறேன். நேற்று மூன்று கேள்வி கேட்டாள். இரண்டுக்குச் சொன்னேன். மூன்றாவது எனக்கே தெரியாது, அதையும் அப்படியே சொன்னேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அப்பா பக்கத்து ஏழு பெயரையும் மூச்சுவிடாமல் எழுதி முடித்தாள். அடுத்து அம்மா பக்கம். ஒரு கட்டம் போட்டு அதற்குள் என் பெயரை எழுதினாள், அதை ஒட்டியே இன்னொரு கட்டம் வரையத் தொடங்கினாள்.

"இது யாருக்கு?" என்றேன்.

"என்னைப் பெத்தவங்களுக்கு. பேர் தெரியறப்ப எழுதிக்கலாம். இப்ப காலியா இருக்கட்டும்."

நெஞ்சில் சுருக்கென்றது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஸ்கேல் நழுவிக் கோடு கோணிக்கொண்டு போனது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். இந்த முறை நான் ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.