அசையும் சொத்து

அக்டோபர் 8, புதன்

டெக்சஸ் வந்தும் வக்கீல் புத்தி போகவில்லை. பழைய பத்திரங்களில் தன் முன்னோரைத் தேடும் எதிர்வீட்டு டெனீஸுக்குத் துணையாக, கவுண்டி கோர்ட்டுக்கு, அதாவது இங்கத்து மாவட்டக் கோர்ட்டுக்குப் போனேன். அடிமையாக இருந்த பீட்டர்தான் அவர் குடும்பத்தில் தெரிந்த முதல் ஆள். பீட்டரின் முதலாளி இறந்ததும் வாரிசுகள் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தது. "அசையும் சொத்தில் பாருங்கள்" என்றேன். சொல்லவே கூசியது.

அங்கேதான் இருந்தது. கோவேறு கழுதைகளுக்கும் கலப்பைகளுக்கும் நடுவே: ஹானா, மூத்த மகனுக்கு. அவள் பிள்ளை பீட்டர், இளைய மகளுக்கு.

உரக்கப் படித்துக்கொண்டிருந்த நான் அங்கே நிறுத்தினேன்.

"என்ன சார், நிறுத்திட்டீங்க?"

"தாயையும் பிள்ளையையும் பிரிச்சுட்டாங்கம்மா."

அழுவார் என்று பயந்தேன். அவர் எழுந்து நின்றார்.

"ஹானா! அவன் அம்மா பேரு எங்க யாருக்குமே தெரியாது சார். பிரிச்சவங்களே எழுதி வச்சுட்டுப் போயிருக்காங்க பாருங்க. இன்னொரு தடவை படிங்க, ரெண்டு பேரையும் சேர்த்து."

நானும் எழுந்துகொண்டேன். எத்தனையோ பத்திரங்கள் படித்திருக்கிறேன், ஒரு சொல்லையும் விட்டதில்லை. இன்று யார் யாருக்கு என்பதை விட்டுவிட்டு, பெயர்களை மட்டும் படித்தேன். அது சரியா என்று இன்னும் தெரியவில்லை. ஹானா, அவள் பிள்ளை பீட்டர்.