வணங்காக் கழுத்து பற்றிக் கூற்றுவாய்க் கணவாயிலிருந்து ஓலை

வானும் மண்ணும் பிரிந்த நாள்தொட்டு வணங்கி அறியாதவை உலகில் இரண்டே. ஒன்று நம் வெண்கோட்டுச் சிகரம். மற்றொன்று என் கழுத்து. தேவரீர் திருவடியின் முன் அது வளைந்தது இக்கணக்கில் சேராது. அது வணக்கமன்று, மகிழ்ச்சி.

இரு நதிக்கு ஒரு குடை நிழற்றுபவரும், பகைவர் கனவிலும் உறையில்லா வாளோடு எழுந்தருள்பவருமாகிய வெண்கோட்டு வேந்தர் திருமாவளப் பெருமான் அடிநிழலுக்கு, கூற்றுவாய்க் கணவாய்க் காவல் பூண்ட தண்டத்தலைவன் ஆதன் எயினன் விடுக்கும் ஓலை. பொன்முற்றத்து அரண்மனையில் விளக்கொளி குறையாதிருக்க. அந்தப்புரத்தில் சிரிப்பொலி குறையாதிருக்க. தேவரீர் பந்தியில் நெய் குறையாதிருக்க. இங்கே ஆட்கள் குறைந்துவிட்டார்கள். அது குறித்தே இவ்வோலை.

நம் பகைவராகிய துளங்கர் பனிப்பருவத்தில் மலையேறுவர் என்று ஒற்றர் உரைத்ததால், என்னையும் என் வாட்படையையும் தேவரீர் இங்கு அனுப்பியருளினீர். வந்து பார்த்தால் கணவாயைக் காத்துக்கொண்டிருந்தவை நாய்கள். மலைக்குடியினர் அவற்றை வரைஞமலி என்பர். கன்றின் உயரம், கரடியின் மயிர், கடன் கேட்டு வந்த உறவினரின் பொறுமை. குரைப்பதில்லை, குரைப்பது நேரக்கேடு என்று கருதுகின்றன போலும். ஓநாய் கவ்வாதிருக்க அவற்றின் கழுத்தில் இரும்பு முள்பட்டை பூட்டியிருக்கிறார்கள். அவற்றுள் பெரியதும், ஒரு காது கிழிந்ததுமான கிழநாய்க்குப் 'பெரியப்பன்' என்று பெயர். நாயைப் பெரியப்பன் என்பவர்கள் தம் பெரியப்பனை என்னவென்று அழைப்பார்கள் என நான் வினவியபோது என் படையே நகைத்தது. மலைக்குடித் தலைவி கொற்றி மட்டும் நகைக்கவில்லை.

இம்மலையில் ஒரு வழக்கம் உண்டு. கணவாய்க்குப் புதிதாக வருபவர் எவரும் மண்டியிட்டு, தலையை அண்ணாந்து, வெறுங்கழுத்தை அந்நாயிடம் காட்ட வேண்டும். பெரியப்பன் முகரும், பிற நாய்கள் அதன்பின் முகரும். முகர்ந்த கழுத்தை அவை ஒருபோதும் கவ்வா. முகராத கழுத்தெல்லாம் அவற்றுக்கு ஒன்றே.

நான் மறுத்தேன். அதற்குக் கொற்றி உரைத்ததை உரைத்தபடியே எழுதுகிறேன், பிழை பொறுத்தருள்க: "அது உங்க வீரத்தக் கேக்கல ஐயா, வாசத்தத்தான் கேக்குது. குடுத்துட்டுப் போங்களேன், கழுத்து தேஞ்சா போயிரும்?"

என் துணைத்தலைவன் கீரன், நாய்களோடு வளர்ந்தவன், "தலைவரே, ஒரு தடவ குனிஞ்சா என்ன, பாக்குறதுக்கு இங்க ஆடுதான் இருக்கு" என்று மெல்ல விண்ணப்பித்தான். படையினர் முழங்கால் மடங்கத் தொடங்குவதைக் கண்ட நான், அங்கேயே தேவரீர் பெயரால் பறையறைவித்தேன்: நாயின் முன் கழுத்து காட்டுபவன் கழுத்து வெட்டப்படும். நாய்களைச் சங்கிலியில் கட்டவும் ஆணையிட்டேன். கொற்றி கட்டினாள். கட்டும்போது அவள் முணுமுணுத்ததை எழுத இவ்வோலை அகலம் போதாது.

துளங்கர் நண்பகலில் வந்தனர். மூடுபனி எழுந்து, நீட்டிய வாளின் நுனி அவரவர் கண்ணுக்கே தெரியாத வேளை அது. முதல் வரிசை நின்ற இடத்திலேயே விழுந்தது; ஈட்டி வருவதைப் பார்க்கவில்லை, வந்துவிட்டதையே பார்த்தது. வெட்டுண்ட கைகள் வாளை விடாமல் பனியில் கிடந்தன. எங்கள் குருதியில் நாங்களே வழுக்கினோம். கணவாய் கைவிட்டுப் போகும் நிலையில், நாய்களை அவிழ்த்துவிடு என்று கூவினேன். "உங்க ஆளு கழுத்து காட்டலையே!" என்று கொற்றி திருப்பிக் கூவினாள். அவிழ் என்று மீண்டும் கூவினேன். என் குரல் வலியது, தேவரீர் அறிவீர்.

அதன்பின் ஓசை மாறிற்று. வாளோசை நின்று, ஈரத்துணி கிழிவது போன்றதோர் ஓசை கேட்டது. துளங்கர் நாய்களின் கழுத்தைப் பற்றினர். முள்பட்டையில் விரல்களை விட்டுவிட்டு ஓடினர். ஓடியவர்களின் குரல்வளைகள் அவர்களோடு ஓடவில்லை. நம் வீரர்களுக்கும் அதே நீதி வழங்கப்பட்டது. நாய்கள் நடுவுநிலை பிறழவில்லை. கீரன் எனக்கு முன்னே நின்றான். என்னை மறைத்து நின்றான் என்றே எழுத வேண்டும். பெரியப்பன் பாய்ந்தபோது அவன் வாளை ஓங்கவில்லை. "டேய் கண்ணா" என்று, தன் வீட்டு நாயிடம் சொல்வதுபோல் சொன்னான். அதை முடிக்கவில்லை.

அக்கணம் கொற்றி என்னைக் காலால் இடறி வீழ்த்தி, தன் கம்பளியை என்மேல் எறிந்து, அதன்மேல் அமர்ந்தாள். போர்நூல்களில் 'நிலம் தழுவி நிற்றல்' என்றொரு நிலை இல்லையெனில் இனிச் சேர்க்கத் தகும். கம்பளிக்கு வெளியே ஒரு மூச்சு வெகுநேரம் நின்றது. அதில் கீரனின் மணம் இருந்தது.

துளங்கர் கணவாயின் கீழ்வளைவுக்குப் பின்வாங்கினர், முற்றும் மாண்டிலர். இவ்வோலை எழுதும் இக்காலையில் பள்ளத்தாக்கிலிருந்து பனி மீண்டும் ஏறுகிறது. பனியோடு அவர்களும் ஏறுவர். எஞ்சிய நம்மவரைக் கொண்டு கணவாயைக் காத்தல் இயலாது. கொற்றி மீண்டும் கட்டிவைத்த நாய்களை அவிழ்த்தே ஆகவேண்டும். ஆனால் நம்மவர் மண்டியிட மறுக்கிறார்கள். நாய்க்கு அஞ்சியன்று, என் பறைக்கு அஞ்சி. "தலைவன் காட்டாம எவன் காட்டுவான்? அந்தப் பையன் கீரனுக்குத்தான் மொதல்ல காட்டத் தோணுச்சு, அவனையும் நீங்க விடல" என்கிறாள் கொற்றி. தேவரீர் பெயரால் அறைந்த பறையைத் தேவரீர் ஓலையே மாற்றக்கூடும்; ஓலை மலையேறி வரும்வரை பனி காத்திராது.

ஆகவே தேவரீர் சூட்டியருளிய பொற்சரப்பளியை இவ்வோலையோடு அனுப்புகிறேன். அது கழுத்து முழுவதையும் மறைக்கிறது. இங்கு அது இடையூறு. இவ்வோலை தேவரீரைச் சேரும்போது ஆணை மீறியவன் ஒருவன் இங்கு இருப்பான். அவன் தலை வேண்டுமெனில் போர் ஓய்ந்தபின் ஆளனுப்பிக் கொள்க. அதுவரை அது இங்கே தேவைப்படுகிறது. கீரனின் தாய்க்கு, அவன் துளங்கரின் வேலால் மாண்டான் என்று சொல்லாதீர். நடந்ததை நானே வந்து சொல்வேன். கணவாய் காண எழுந்தருளும் நாளில் தேவரீரும் கழுத்தில் மாலையோ மணியோ அணியாது வருக. இது விண்ணப்பம், மேலே வந்தபின் கட்டளை.

வாள்முனை இலச்சினை இட்டேன். கொண்டுசெல்பவன் வழியில் நில்லாதிருக்க. வாசிப்பவர் குரல் நடுங்காதிருக்க. வெண்கோடு நிமிர்ந்தே நிற்க.

படை முழுதும் என்னையே பார்த்து நிற்கிறது. பெரியப்பன் அவர்கள் கொற்றி பிடித்த சங்கிலியோடு வந்து அமர்ந்துவிட்டார்கள். அவர்களைக் காக்கவைத்தல் முறையன்று.