கிணறு இருந்த கரை

பீலெஃபெல்ட்,
செப்டெம்பர் 2006

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டு வரைபடங்களும் கிடைத்தன. "அப்பா, நீங்கள் சேர்வேயரா இருந்தனீங்கள்தானே, இயூவன்ரை பூட்டன் இருந்த பண்ணை வீடு அதுதானோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்றாய். கல்யாணத்துக்குப் பிறகு நீ என்னிடம் ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை. ஆகவே ஆறுதலாகப் பார்த்தேன்.

யாழ்ப்பாணத்தில் காணி அளக்கப் போனால் முதலில் கிணற்றைத்தான் தேடுவோம். வீட்டை இடித்து வேறிடத்தில் கட்டுவார்கள், கிணறு நகராது. பழைய படத்தில் உன் கணவர் இயூவனின் குடும்பப் பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு கிணறு இருக்கிறது. புதிய படத்தில் அதே கிணறு ஓடைக்கு அக்கரையில், ஆட்டுப்பட்டியாகிவிட்ட கற்சுவர்களுக்கு நடுவே இருக்கிறது. பண்ணையின் பெயரை, பிறகு இக்கரையில் கட்டிய வீடு எடுத்துக்கொண்டது.

உன் மாமனார் கோடைதோறும் போய் உட்கார்ந்திருந்த வீடு, மாதக் கடைசியில் அவருடைய சாம்பலைத் தூவப் போகிற வீடு, அவர்களுடைய முன்னோர் வாழ்ந்தது அல்ல.

நான் பிழையாகவும் இருக்கலாம். இதை எழுதத் தயங்கியபோது, "மகளுக்குச் சொல்லவும் இஞ்சத்தைக் கந்தோரிலை மாதிரி அன்ட்ராக் படிவம் நிரப்ப வேணுமோ?" என்று அம்மா சிரித்தாள்.

அவர் விரும்பிய இடமா, முன்னோர் இருந்த இடமா என்பதை வரைபடம் தீர்மானிக்காது. அது உங்கள் முடிவு. அக்கரைதான் என்றால், ஓடையை எங்கே கடப்பது என்று நேரில் நின்றால்தான் காட்டலாம். அன்று உங்கள் கல்யாணத்துக்கு அழைத்தபோது நான் வரவில்லை. இப்போது வரலாமா என்று மருமகனிடம் கேட்டுச் சொல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா