களத்தில் சுற்றிய பாட்டில்

அண்ணா,

மடியில் ஒரு சின்ன பாட்டில் கிடக்கிறது. வெள்ளை உடம்பு, நீல மூடி. பார்த்தால் உனக்கே தெரிந்துவிடும். முந்தாநாள் சாமை தூற்றும் களத்தில் உன் மகள் அண்ணாந்து இதைக் கண்ணில் விட்டுக்கொண்டிருந்தாள். வெடுக்கென்று பிடுங்கினேன். இன்று அவளை வேலூர் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்துவிட்டேன். உள்ளே இருட்டறையில் அவளுக்குப் பார்வைச் சோதனை நடக்கிறது. வெளியே பெஞ்சில் நான். 

சாமைத் தூசியின் சுணை கண்ணில் பட்டால் என்ன எரிச்சல் எரியும்! அதற்காகச் செங்கத்து மெடிக்கலில், டாக்டர் சீட்டு இல்லாமல், இந்தச் சொட்டு மருந்தை முதன்முதலில் வாங்கி வந்தவள் நான்தானே. ஒரே பாட்டில், களத்திலிருக்கிற அத்தனை கண்ணுக்கும். விட்டதும் சிவப்பு போய்விடும். களம் முடிந்தால் எல்லாரும் மறந்துவிடுவார்கள், நீ மட்டும் விடவில்லை. புளி உலுக்கும் மாதத்திலும், "அது இல்லனா எனக்கு வேல ஓடாது" என்பாய். வருடக்கணக்காக வாங்கிக் கொடுத்தேன், மடச்சி.

நிலைக்கதவில் இடது தோளை இடித்துக்கொள்வாய். ஜமுனாமரத்தூர் சந்தையில் ஒருத்தியின் தக்காளிக் கூடையைத் தட்டிவிட்டு அவளையே திட்டினாய். "கண்ணு தெரியலயா உனக்கு?" என்று அவள் கேட்க, "எனக்கு நல்லாத்தான் தெரியுது!" என்று எகிறினாய். எதிரே இருப்பது தெரிந்ததல்லவா, ஓரம் போனதை நீ எப்படி அறிவாய்?

இதே ஆஸ்பத்திரியில்தான் டாக்டரம்மா சொன்னார்: கிளாக்கோமா, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பை அரித்துவிட்டது, போன பார்வை திரும்பாது. அந்தச் சொட்டு மருந்தை நெடுநாள் விட்டாலே அழுத்தம் ஏறுமாம். "யார் கொடுத்தது?" என்றார். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "கையில கெடச்சத வுட்டேங்க" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை, அண்ணா. அன்றோடு வாங்குவதை விட்டேன், ஆனால் நான் பழக்கிய மருந்தைக் களத்துக்கு யாராவது வாங்கி வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

உன்னைக் கொண்டுபோனது மாரடைப்பு. ஆனால் அதற்கு முந்தின மூன்று வருடமும் நான் உன் இடது பக்கமாகவே நடந்தேன். கல், மாடு, பைக் எல்லாவற்றுக்கும் நான்தான் வேலி.

"கூடப் பொறந்தவங்களும் பிள்ளைங்களும் தவறாம பார்த்துக்கணும். வலிக்காது, அதான் ஆபத்து" என்று டாக்டரம்மா சொன்னதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் வந்துகொண்டிருக்கிறேன். மெஷினில் தாடையை வைத்து நடுவிலேயே பார்க்க வேண்டும். வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பட்டனை அமுக்க வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாவிட்டால் உயிரே போய்விடும். புள்ளி வரவில்லையா, வந்தும் எனக்குத் தெரியவில்லையா? இதுவரை தப்பித்திருக்கிறேன். உன் மகளைக் கூப்பிட்டால், "எனக்கு நல்லாத்தான் தெரியுது அத்தை, இன்னாத்துக்கு வரணும்?" என்பாள். உன் வார்த்தை, உன் எகிறல்.

கூப்பிடுகிறார்கள். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். அமிர்தி தாண்டிவிட்டது. டாக்டரம்மா தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், பிறகு என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். "நரம்பு இன்னும் கெடல. ஆனா அழுத்தம் ஏறியிருக்கு. யாரும்மா இந்த மருந்தக் கொடுத்தா?"

உன் மகள் சுவரைப் பார்த்தபடி, "கையில கெடச்சதுங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லீங்க" என்றேன். "களத்துக்கு மொதல்ல வாங்கியாந்தவ நான்தான். இவங்க அப்பாவுக்கும் நான்தான் கொடுத்தேன்." அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பாட்டிலை டாக்டரம்மாவின் மேசையில் வைத்தேன். இனி இது ஒரு சொட்டும் கூடாது, அடுத்த மாதம் மறுபடி அளக்க வேண்டும், பிறகு என்னைப் போலவே ஆயுசுக்கும் வர வேண்டும் என்றார்.

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தோம். என்னையறியாமல் அவளுடைய இடது பக்கமாகவே நடந்திருக்கிறேன்.

"எனக்கு இந்தப் பக்கமும் நல்லாத்தான் தெரியுது, அத்தை" என்றாள்.

சொன்னாளே தவிர, தள்ளிப் போகச் சொல்லவில்லை.